திகதி போடச் சொன்ன உறுதி

1

நான் நோர்வேக்கு வந்து இன்றோடு ஒன்பது ஆண்டுகள். வீட்டில் இந்த நாளை யாரும் கொண்டாடுவதில்லை. எனக்கு மட்டும் ஞாபகம் வரும், நானே ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். இந்த வருடம் தேநீரும் இறங்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களில் பலர் நாவற்குழிப் பாலத்தில் அந்த மழையில் நின்றவர்கள். அந்தச் சனத்துக்குள் என் தம்பி குகனும் அவன் மனைவி வசந்தியும் இருந்திருக்க வேண்டும். இருந்தார்களா, பாலத்தைக் கடந்தார்களா, இப்போது எந்தக் கொட்டிலில் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. கொழும்பில் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் கேட்டுக் களைத்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கென்று மிஞ்சியது அவன் ஒருவன்தான்.

இன்று காலை நடந்தது சின்னச் சங்கதி. மகள் ஆரணிக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறைக்கு அவளுடைய தகப்பன் ஒரு கணனி விளையாட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்ரிக் உறை, உறையின் மேல் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து: இந்த உறையைக் கிழித்தால் கீழுள்ள நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவள் பல்லால் கிழித்துவிட்டாள்.

"பொறு பிள்ளை, வாசிக்காமல் கிழிக்கிறியே!" என்றேன்.

அதையெல்லாம் ஒருவரும் வாசிப்பதில்லை என்று அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்கிறேன், அவள் அந்த மொழியில் பதில் சொல்கிறாள். எங்கள் வீட்டுக் கதை இப்படித்தான் போகிறது.

"உன்ரை மாமா வாசிப்பார்," என்றேன்.

அவள் பெட்டியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமாவைக் கண்டுபிடித்துவிட்டார்களா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தொலைத்த கம்பளிக் கையுறைக்கு அவள் பாவிக்கிற அதே சொல். ஆகவே அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். என் தம்பி ஒரு கணனிச் செயலியின் உரிமப் பத்திரத்தைக் காணி எழுதிக் கொடுக்கிற உறுதியை வாசிப்பதுபோல வரி வரியாக வாசித்த கதை இது.

2

வந்த புதிதில் இந்த நாட்டின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வலிகாமத்து நீர்வேலியில் வாழைத்தோட்டத்துச் சைவ வீட்டுப் பிள்ளை நான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்சட்டியைக் குசினிக்குள்ளேயே விடமாட்டார்கள். இங்கே வெள்ளிக்கிழமைதான் தொழிற்சாலைக்கு ஆகக் கூடுதலாக மீன் வரும். எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவள் மயிலிட்டிக் கடற்கரைப் பெண். நான் கத்தி பிடிக்கிற சீரைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மீனுக்கு நோகாமல் வெட்டுறியளோ?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் இல்லையென்றால் அந்த முதல் மாரியை நான் தாண்டியிருக்கமாட்டேன்.

வேலையைவிடப் பெரிய பாடு அரசாங்கக் கந்தோர்கள். என் பெயர் மங்களேஸ்வரி. அப்பாவின் பெயர் கந்தையா. இந்த நாட்டுக் கடதாசிகளில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட, எந்தக் கந்தோரிலும் என்னைக் "கந்தையா" என்றுதான் கூப்பிடுவார்கள். "கந்தையா, உள்ளே வரலாம்." வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்கக் கொழும்புக்குப் போனதைத் தவிர ஊரைவிட்டு அசையாத மனுஷன், செத்த பிறகு என்னோடு பனிக்குள் கந்தோர் கந்தோராக அலைந்தார். எனக்கு வந்த கடிதங்களில் பாதி "உங்களுக்கு அனுமதி இல்லை" என்பதில் தொடங்கின, மீதி அதில் முடிந்தன. அந்த வசனத்தை மட்டும் நான் இந்த மொழியில் பிழையில்லாமல் எழுதுவேன்.

பிறகு என் கணவருக்கு ஒரு கல்லூரி இருக்கும் பட்டணத்தில் வேலை கிடைத்தது. நான் ஒரு பயிற்சி படித்து அந்தக் கல்லூரியின் கணனிக்கூடத்தில் சேர்ந்தேன். அச்சுப்பொறிக்குக் கடதாசி போடுவது, பழுதான பிளொப்பிகளை மாற்றுவது, மாணவருக்கு வேண்டியதைப் பிரதி எடுத்துக் கொடுப்பது. அங்கே மாரித் என்று ஒரு ஆசிரியை. நெட்டைப் பெண், கதை குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. ஒருநாள் ஒரு கட்டுப் பிளொப்பியைத் தந்து எல்லா மாணவருக்கும் பிரதி எடுக்கச் சொன்னாள். அதில் இருந்தது ஒரு கொம்பைலர். மனிதர் வாசிக்கக்கூடிய கட்டளைகளாக நாங்கள் எழுதுவதை, இயந்திரம் செய்யக்கூடிய வேலையாக மாற்றித் தருகிற செயலி. அது இல்லாவிட்டால் கணனிக்கு ஒரு சொல் சொல்ல முடியாது.

எங்கள் கூடத்துச் சுவரில், செயலிகளைப் பிரதி எடுப்பது களவு என்று பெரிதாக ஒட்டியிருந்தது. எனக்கோ வதிவிட அனுமதிக் கடதாசி இன்னும் கந்தோரில். ஆகவே, "இதுக்கு அனுமதி இருக்கா?" என்று மாரித்திடம் கேட்டேன். அவள் அதே கட்டிலிருந்த ஒரு கோப்பை அச்சடித்து என் கையில் தந்தாள்.

நின்றபடியே வாசித்தேன். நீ இதைப் பிரதி எடுக்கலாம். பிறருக்குக் கொடுக்கலாம். திறந்து உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். உன் தேவைக்கு மாற்றலாம். நீ யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கும் இதே உரிமைகள் எல்லாம் உண்டு, அதை நீ தடுக்க முடியாது. உள்ளே எழுதியவர்களின் பெயர்களை மட்டும் அழிக்கக்கூடாது.

திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். கலாம், கலாம் என்று போகிற ஒரு கடதாசியை நான் இந்த நாட்டிலும் கண்டதில்லை, எங்கள் நாட்டிலும் கண்டதில்லை. முகம் தெரியாத ஆட்கள், வருடக்கணக்காக மூளையைக் கசக்கி எழுதியதை, என்னைப் போல ஒருத்தியிடம் "எடு, கொடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கந்தையாவின் மகளை அவளுடைய சொந்தப் பெயரால் கூப்பிட நேரமில்லாத உலகத்தில், பெயரை அழிக்காதே என்று ஒரு சட்டம். அச்சுப்பொறிக்குக் கடதாசி முடிந்துவிட்டதென்று ஒரு மாணவன் வந்து கூப்பிடும்வரை அப்படியே நின்றேன்.

3

அப்போது ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. குகன் கணித ஆசிரியன். சண்டை திரும்பத் தொடங்குவதற்கு முந்தி கொழும்பிலிருந்து லொறியில் வந்த கணனி ஒன்று, தனியார் வகுப்பு நடத்திய ஒரு ரியூட்டரி மூடியபோது அவன் கைக்கு வந்தது. மின்சாரமில்லாத ஊரில் கணனி எதற்கு என்று சனம் பகிடி பண்ண, அவன் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் என்ஜினில் லொறி டைனமோ ஒன்றைப் பூட்டினான். அதில் ஏறும் கார் பற்றறியிலிருந்து கணனிக்கு மின்சாரம். எங்கள் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு, நாலு குடும்பத்துக்குச் சொந்தம். ஒவ்வொருவரும் முறை வைத்துத்தான் இறைக்கலாம். ஆகவே எங்கள் முறை வருகிற நாளில்தான் குகனின் கணனி வகுப்பும் நடக்கும். வாழைக்குத் தண்ணீர் பாயும்போது பிள்ளைகளுக்குப் பாடம் பாயும்.

கொழும்புக்குப் போன ஒருவர் மூலம் அவனுக்கு அந்தக் கொம்பைலரை அனுப்பினேன், உரிமப் பத்திரத்தோடு. "இலவசம், பயப்படாமல் பாவி" என்று ஒரு துண்டும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் ஒரே சினம். "இலவசமெண்டால் நிவாரண அரிசியோ? ஆர் தந்தது, எதுக்குத் தந்தது எண்டு தெரியாமல் நான் தொடமாட்டன்," என்று எழுதியிருந்தான். எங்கள் குடும்பத்துக்கு இந்த வருத்தம் பரம்பரையாக இருக்கிறது. எதைக் கண்டாலும் முதலில் உறுதியைக் கேட்போம்.

ஆனாலும் தொட்டான். தொட்டு, அதில் ஒரு செயலியும் எழுதினான். பழைய அச்சுப்பொறியில் தமிழ் எழுத்தை அச்சடிக்கிற செயலி. அந்த நாளில் அச்சகங்கள் மை இல்லாமல் மூடிக் கிடந்தன. பள்ளிக்கூடங்களில் சோதனைத் தாளைக் கையால் எழுதி எழுதி ஆசிரியர்களுக்கு விரல் மரத்துப்போனது. குகனின் செயலியைப் பற்றிக் கேள்விப்பட்டு, நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் கொடிகாமத்திலிருந்து நடேசு மாஸ்டர் என்கிற கணித ஆசிரியர் சைக்கிள் மிதித்து வந்து ஒரு பிரதி கேட்டார். கொம்பைலரும் வேண்டும், தமிழ்ச் செயலியும் வேண்டும். அவரிடமும் ஒரு கணனி சும்மா கிடந்ததாம்.

குகன் கொடுக்கவில்லை. கொடுக்க மனமில்லாமல் அல்ல, உறுதி தெளிவில்லை என்று.

எனக்கு ஒரு பொதி வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே மாதிரியான ஆங்கிலக் கடிதங்கள், எல்லாம் அவனுடைய மணி மணியான கையெழுத்தில். கொம்பைலரின் மூலத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். கோப்புக்குக் கோப்பு எழுதியவர் பெயர் இருந்திருக்கிறது. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம்: பங்காளர் அவர்கட்கு, தங்களுக்கும் பங்குள்ள இன்ன சொத்தின் பிரதியொன்றைக் கொடிகாமம் நடேசு அவர்களுக்குக் கையளிக்க எண்ணியுள்ளேன். ஆட்சேபணை ஏதுமிருப்பின் தயவுசெய்து அறிவிக்கவும்.

ஊரில் உள்ளவர்களுக்கு இது விளங்கும். பங்குக் காணியை வெளியாள் ஒருவருக்குக் கொடுப்பதென்றால் முதலில் மற்றப் பங்காளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தேசவழமை. கொடுக்காமல் விற்றால் பிறகு பரம்பரைக்கும் வழக்குத்தான். குகன் அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கிற கணனிக்காரர்களின் தலையில் வைத்திருக்கிறான்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. மேலே பொம்பர் சுற்றுகிற ஊரில், மண்ணெண்ணெயைச் சிரட்டையால் அளக்கிற நேரத்தில், இவன் முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்கு அறிவித்தல் எழுதுகிறான். அங்கே அந்த மனுஷன் பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கத் தாள் இல்லாமல் காத்திருக்கிறார். கடிதங்களைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். போட மனம் வரவில்லை. ஒரு எழுத்துக்கூட வெட்டித் திருத்தாமல் எழுதியிருந்தான்.

4

மாரித்திடம் பொதியை நீட்டினேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்துச் சிரிப்புக்குத் தயாராக நின்றேன். அவள் ஒரு கடிதத்தை வாசித்தாள், அடுத்ததை எடுத்தாள், அடுத்ததையும் எடுத்தாள். எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னேன். தெரிகிறது என்றாள்.

"உன் தம்பி இருக்கிற இடத்தில் மின்சாரம் இல்லை என்றல்லவா சொன்னாய்?"

"இல்லை."

"கொடுத்தால் கேட்க ஒரு ஆள் வரப்போவதுமில்லை."

"ஒருத்தரும் வரமாட்டினம். சண்டை நடக்கிற இடம்."

"ஆனாலும் கேட்கிறார்," என்றாள். அவளுடைய முகம் சிவந்துபோயிருந்தது. "நான் இதை எத்தனை வருடமாக மாணவருக்குக் கொடுக்கிறேன், கந்தையா. இந்தப் பெயர்களை ஒருநாளும் வாசித்ததில்லை."

அன்று பின்னேரமே அவள் கல்லூரி வலையமைப்பில், அந்தக் கொம்பைலரை எழுதுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடத்தில், குகனின் கேள்வியை அப்படியே தட்டச்சு செய்து போட்டாள். மின்சாரமில்லாத ஒரு ஊரிலிருந்து கேட்கப்படுகிறது என்று மட்டும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்.

அடுத்த சில நாட்கள் நான் வேலைக்குப் போனதும் முதலில் மாரித்தின் மேசைக்குத்தான் போனேன். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று, குகனின் கடிதம் போலவே முறையாக எழுதியிருந்தார். இன்னொருவர், நான் எழுதிய கோப்பில் என் பெயரை ஒரு மனிதர் வாசித்திருக்கிறார் என்பது இன்றுதான் தெரியும் என்று எழுதியிருந்தார். ஒருவர் வரைபடத்தில் நீர்வேலியைத் தேடிக் காணாமல், எந்தக் கடலுக்குப் பக்கம் என்று கேட்டார். ஒரு பெண் மட்டும் உட்கார்ந்து விளக்கமாக எழுதியிருந்தார். யாருக்கும் அறிவித்தல் தேவையில்லை. நடேசு மாஸ்டருக்கு அனுமதி கொடுப்பது உங்கள் தம்பி அல்ல. பிரதி அவர் கைக்குப் போகிற அந்தக் கணமே, எழுதிய எங்கள் எல்லோரிடமிருந்தும் நேராக அவருக்கு அனுமதி போகிறது. அது எப்போதோ கொடுத்தாயிற்று. திருப்பி எடுக்க எங்களாலும் முடியாது.

கொடிகாமத்தில் ஒரு மனுஷன், தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத இத்தனை பேரிடமிருந்து, கேட்காமலே ஒரு பொருளுக்கு முழு உரித்தாளி. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் போய் நின்றேன். வெளியே பனி கொட்டியது. கோயிலில் தீபம் காட்டும்போது வருகிற அந்த உணர்வு எனக்கு வந்தது என்று சொன்னால் மாரித்துக்கு விளங்காது, உங்களுக்கு விளங்கும்.

5

தொண்ணூற்று நான்கில் வசந்தியின் கண்ணைக் காட்டக் குகன் அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தான். அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தான். சுகம் விசாரித்து முடிய முன்பே அலுவலுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, பங்காளர் என்னவாம்?"

"ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்லையாம். அதோடை, உப்பிடிக் கேக்கவே தேவையில்லையாம். ஆர் வந்து கேட்டாலும் குடுக்கலாம்."

"வாறவைக்கும் முழுப் பங்கோ?"

"ஓம், முழுப் பங்கு."

"அப்ப மற்றவைக்கு என்ன மிஞ்சும்?"

"எல்லாருக்கும் முழுசாய்த்தான் இருக்கும் குகன். நீ அள்ளினால் அவைக்குக் குறையாது."

பக்கத்தில் நின்ற வசந்திக்கு அவன் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"எங்கடை கிணத்துக்கு உப்பிடி ஒரு உறுதி எழுதச் சொன்னால் நொத்தாரிசு என்னைக் கலைச்சுவிடுவான்," என்றான். "சரி, அடுத்தது. நான் அதிலை செய்த தமிழ்ச் செயலி ஆரின்ரை? கொம்பைலர் இல்லாமல் அது வந்திராது. அப்ப அதுவும் அவையின்ரையோ?"

இதையும் மாரித்திடம் கேட்டு வைத்திருந்தேன். "இல்லை. கிணறு பொது. அதிலை இறைச்சு நட்ட வாழை உன்ரை. குலையை நீ விக்கலாம், சும்மா குடுக்கலாம், வீட்டிலை வைச்சுத் தின்னலாம், ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனால் நீ கிணத்தை ஆழமாக்கி ஊருக்குக் குடுத்தால், அந்த ஆழமும் எல்லாருக்கும் பொது."

"நல்லாய் எழுதியிருக்கிறாங்கள்," என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை. "அப்ப நானும் என்ரை செயலியை உதே உறுதியிலை எழுதிவிடுறன் அக்கா. நான் வெட்டினதும் பொதுக் கிணறாய் இருக்கட்டும்."

எங்கள் வேலியில் ஒரு பூவரசங்கதியால் தடியை இடம் மாற்றி நட்டதற்காக மூன்று வருடம் வழக்காடிய குடும்பத்தின் பிள்ளை பேசுகிறது.

"ஆனால் ஒரு வரி எனக்குப் பிடிக்கேல்லை," என்றான். "மாத்தினால், ஆர் மாத்தினது, எண்டைக்கு மாத்தினது எண்டு மேலை எழுதோணுமாம். நான் என்ன காணிக் கந்தோரோ?"

"பிறகு வாறவன் விட்ட பிழைக்கு முதல் எழுதினவனை ஏசாமல் இருக்கத்தான் அது."

"பெயர் போடுறன். திகதி போடமாட்டன். எங்கடை பக்கத்திலை நாள் எண்ணுறது மனவருத்தம். எண்ணாமல் இருந்தால்தான் சீவிக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உறுதியெண்டால் முழுக்க ஏற்கோணும். உனக்குப் பிடிச்ச வரியை மட்டும் கிள்ளி எடுக்க ஏலாது."

"சரி சரி, பாப்பம்," என்றான். பிறகு வசந்தி வாங்கிப் பேசினாள். குகன் ஊருக்குப் போன கிழமையே நடேசு மாஸ்டருக்கு இரண்டையும் கொடுத்துவிட்டான் என்று பின்னால் அறிந்தேன். கூடவே, அவன் கொழும்பில் நிற்கையில் நான் அனுப்பிவைத்த பதில்களின் பிரதியை எடுத்து, ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினானாம்.

6

இந்த வருடத் தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதை இளகியபோது, ஒரு பிளொப்பி என் கைக்கு வந்தது. குகனின் தமிழ்ச் செயலி. திறந்ததும் முதல் வரி: எழுதியவர் குகன், நீர்வேலி. கீழே அதே உரிமப் பத்திரம் முழுவதும். திகதியை மட்டும் காணவில்லை. அவன் பிடிவாதம் தெரிந்ததுதான்.

ஆரணி அதில் தன் பெயரை அச்சடித்துக் கதவில் ஒட்டினாள். பிறகு தன் தோழிகளின் நோர்வேஜியப் பெயர்களையெல்லாம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தாள். தமிழ் வகுப்புக்கு வா என்று இரண்டு வருடம் நான் இழுத்து வராதவள், அந்த அச்சுப்பொறிக்கு முன்னால் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். அவள்தான் பிழையையும் கண்டுபிடித்தாள். ஒரு பக்கம் நிரம்ப எழுதினால், பக்கத்தின் கடைசி வரி அச்சில் வராது. "மாமான்ரை புரோகிராம் கடைசி வரியை விழுங்குது," என்று, அதிசயமாக, தமிழிலேயே சொன்னாள்.

கோடையில் அதைக் குகனுக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் பாதை மூடியது. பிறகு ஐப்பசி வந்தது.

இதுவரைதான் எனக்கு எழுதத் தெரியும். தேநீர் ஆறிவிட்டது. வெளியே பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டு. இங்கே மார்கழியில் சூரியன் வராது.

7

சில நாள் கழித்துத் தொடர்கிறேன்.

நேற்று ஒரு தடித்த உறை வந்தது, கொழும்பு முத்திரையோடு. அனுப்பியவர் எனக்குத் தெரியாத ஒருவர், நடேசு மாஸ்டரின் சொந்தக்காரராம். ஒரு துண்டு வைத்திருந்தார். மாஸ்டர் தந்துவிட்டதாக ஒருவர் இதைக் கொண்டுவந்து கொடுத்தார், வழியில் சோதனைக்குப் பயந்து அவர் கடிதம் ஒன்றும் ஏற்கவில்லை, பள்ளிக்கூடப் பேப்பர் என்றபடியால் இதை மட்டும் கொண்டுவந்தார், உங்கள் விலாசம் மேலே எழுதியிருந்தது, வேறு விபரம் எனக்குத் தெரியாது.

உள்ளே இரு பக்கமும் துளையிட்ட அச்சுக் கடதாசி, மடிப்பு மடிப்பாக. முழுவதும் செயலிக் கட்டளைகள். குகனின் தமிழ்ச் செயலி என்று பார்த்தவுடன் தெரிந்தது. கடிதம் இல்லை. மாஸ்டர் ஏன் இதை எனக்கு அனுப்ப வேண்டும்? ஊரில் ஒருவர் இல்லாமல் போனால், அவருடைய பொருளை உரியவரிடம் சேர்ப்பார்கள். மாஸ்டர் நேர்மையான மனுஷன் என்று குகன் சொல்லியிருக்கிறான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கிறாரோ என்று நினைத்தேன். கடதாசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன்.

என் கணவர் வேலையால் வந்து, உறையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், உமக்கு என்ன வந்திருக்கு?"

"குகன்ரை செயலி," என்றேன்.

"கடிதம் ஒண்டும் இல்லையோ?"

அதற்குள் ஆரணி வந்து கடதாசியைத் திருப்பிவிட்டாள். தமிழ் எழுத்தைக் கண்டால் இப்போது அவளுக்கு வாசிக்க வேண்டும். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, மேலிருந்து தொடங்கினாள்.

"எ-ழு-தி-ய-வர் குகன், நீர்வேலி."

அது பழைய வரி, எனக்கு மனப்பாடம். அவள் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். அங்கே பழைய பிரதியில் வெறுமையாக இருக்கும்.

"மாற்றியவர் குகன். இடம், கொடிகாமம், நடேசு மாஸ்டர் வீடு. பக்கத்தின் கடைசி வரி விழுந்துபோகும் பிழை திருத்தப்பட்டது. பிழையைக் கண்டவர் ஆரணி, நோர்வே. சரிபார்த்தவர் வசந்தி."

தன் பெயரைக் கண்டு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொடிகாமத்துக்கு எப்போது போனான்? வலிகாமம் எழும்புவதற்கு முந்தி, மாஸ்டரைப் பார்க்கப் போன ஏதோ ஒரு நாளிலும் இதைச் செய்திருக்கலாம். கோடையில் என் கடிதம் கிடைத்த கையோடும் செய்திருக்கலாம். கடவுளே, நாள் எண்ண மாட்டேன் என்றவன்.

"இன்னும் ஒரு சொல் இருக்கு அம்மா," என்றாள் ஆரணி. "திகதி. இருபது, கார்த்திகை, தொண்ணூற்றைந்து."

கார்த்திகை. எல்லோரும் பாலத்தைக் கடந்து மூன்று கிழமை கழித்து. மாஸ்டர் வீட்டில், அவன் கொடுத்த பிரதிக்கு முன்னால், இரண்டு பேரும் உயிரோடு.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆரணி பயந்துபோய்க் கடதாசியை விட்டுவிட்டாள். என் கணவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"என்னப்பா? என்ன எழுதியிருக்கிறான்?"

"திகதி போட்டிருக்கிறான்," என்றேன்.